ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு கழுவல்

அந்தக் கோடு ஆவணியில் ஏறும், மாசியில் இறங்கும். ஏன் என்று தெரியாமல் நாங்கள் மூன்று பேர் இரண்டு வருடமாகக் குழம்பிக்கொண்டிருந்தோம்.

கல்லூரியில் படித்தபோது நான் ஒரு சின்ன லைப்ரரி, அதாவது மற்ற நிரல்களுக்குள் சேர்த்துக்கொள்ளும் நிரல்தொகுப்பு, எழுதினேன். வெப்பமானி, தராசு போன்ற கருவிகள் கம்பி வழியே அனுப்புகிற எண்களை வாங்கிக் கணினிக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்தேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். அப்படித் திருத்த வந்து தங்கிவிட்ட இருவர் இருக்கிறார்கள். ஒருவர் பனிநாட்டுக்காரர், இன்னொருவர் தீவுக்காரர். இருவரையும் நேரில் பார்த்ததில்லை. நான் மலையடிவாரத்தில் இருக்கும் போடியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன், மிச்ச நேரத்தில் இந்த லைப்ரரியைப் பார்க்கிறேன்.

அதைப் பைதான் என்ற கணினி மொழியில் எழுதியிருக்கிறேன். அந்த மொழிக்கு வருடாவருடம் புதுப் பதிப்பு வரும். புதுப் பதிப்பில் சுருக்கமாக எழுதக்கூடியதைப் பழைய பதிப்பு புரிந்துகொள்ளாது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்களும் பயன்படுத்த வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சுற்றி வளைத்தே எழுத வேண்டும். பந்தியில் ஒருவருக்கு உப்பு ஆகாது என்று மொத்தச் சமையலையும் உப்பில்லாமல் இறக்குவது போன்ற காரியம். நாங்கள் 3.4 என்ற மிகப் பழைய பதிப்புக்காக வருடக்கணக்கில் உப்பில்லாமல் சமைத்துக்கொண்டிருந்தோம்.

விட்டுவிடலாம் என்று பார்த்தால், 3.4 வைத்திருப்பவர்கள் லைப்ரரியை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டே இருந்தார்கள். தினமும் எத்தனை தடவை இறக்கினார்கள் என்று காட்டுகிற வரைபடக் கோடுதான் அது. உலகமே கைவிட்ட பதிப்பு எங்களிடம் மட்டும் பருவம் பார்த்து வளர்ந்தது. எனக்குப் பட்டியல் போடாமல் யோசிக்கத் தெரியாது. அதனால் சாத்தியங்களைப் பட்டியல் போட்டேன். ஏதோ பல்கலைக்கழகத்தின் பருவத்தேர்வு என்றார் பனிநாட்டுக்காரர். மனிதர்களே இல்லை, யாரோ எழுதிவிட்டு மறந்த தானியங்கி என்றார் தீவுக்காரர். ஐப்பசியில் சில நாள் கோடு தரையைத் தொட்டது. கடலுக்கு அடியில் கம்பி அறுந்திருக்கும் என்று பனிநாட்டுக்காரர் கவலைப்பட்டு, கம்பி வரைபடம் ஒன்றைத் தேடி எடுத்து ஒட்டினார். அதை நான் தீபாவளிப் பலகாரம் தின்றுகொண்டே படித்தேன். இன்னொரு நாள் கோடு திடீரென்று செத்து மறுநாள் உயிர்த்தது. அன்றைக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஹர்த்தால். எனக்குத் தோன்றவேயில்லை.

கடைசியில் ஓர் அறிவிப்புப் போட்டோம். 3.4-க்கு ஆதரவை நிறுத்தப் போகிறோம், ஆட்சேபம் இருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் எழுதலாம் என்று. இரண்டு மாதம் காத்திருந்தோம். ஒருவரும் எழுதவில்லை. "இத்தனை பேர் இறக்குகிறார்கள், ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன மாதிரி மனிதர்கள் இவர்கள்?" என்று பனிநாட்டுக்காரர் கேட்டார்.

3.4-ஐக் கைவிட்ட புது லைப்ரரியின் வெளியீட்டுக்குக் குறித்திருந்த நாளில் எனக்கு மலைக்குப் போகிற சோலியும் இருந்தது. போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் அத்தைக்கு ஓர் ஏலத்தோட்டம் இருக்கிறது. மாமா போனபிறகு அத்தைதான் பார்க்கிறார். முந்தின கோடையின் வெயிலில் செடிகளில் பெரும்பாலானவை கருகிவிட்டன. விற்றுவிட்டு ராசிங்காபுரம் வீட்டுக்கு இறங்கி வந்துவிடும்படி அத்தையின் மகன் பெங்களூரிலிருந்து தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அத்தை அவனிடம் ஓர் ஈடு தவணை வாங்கியிருந்தார். பறித்த காயைத் தட்டுகளில் பரப்பி, சூட்டறையில் வைத்து, ஒரு தடவை உலர்த்தி எடுப்பது ஓர் ஈடு. பிழைத்த செடிகளின் முதல் நல்ல காய் பச்சை நிறம் மாறாமல் இறங்கினால் தோட்டம் இருக்கும், வெளுத்தோ பழுப்பேறியோ இறங்கினால் விற்றுவிடலாம். அத்தை வாக்குக் கொடுத்தால் மாற மாட்டார். அந்த ஈட்டைப் பார்க்கத்தான் நான் கிளம்பினேன்.

காலையில் குளித்தேன். வெளியீட்டுப் பொத்தானை அழுத்தினேன். காப்பி குடித்தேன். ஜீப்பில் ஏறினேன். பட்டியலில் இருந்ததெல்லாம் முடிந்த நிம்மதியில் கொண்டை ஊசி வளைவுகளில்கூடத் தலை சுற்றவில்லை.

காய் உலர்த்துகிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அதைப் பார்த்துக்கொள்கிறவரை நான் சின்ன வயதிலிருந்து அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பல வருடம் மலையிலேயே இருப்பதால் அவர் பேச்சில் அங்கங்கே மலையாளம் எட்டிப்பார்க்கும். நான் போனபோது தட்டுகளில் காய் பரப்பியாகிவிட்டது. சுவருக்கு அந்தப்புறம் அடுப்பு எரியத் தொடங்கியிருந்தது.

"வா பாப்பா, செரியான நேரத்துக்கு வந்த. கழுவிட்டா சோலி முடிஞ்சது" என்றார் அண்ணன்.

"இன்னும் எதக் கழுவணும்ணே?"

"தட்டு கழுவியாச்சு. தரை கழுவியாச்சு. சாம்பல் அள்ளியாச்சு. இந்தப் பொட்டி ஒண்ணுதான் பாக்கி."

மூலையில் ஒரு பழைய கணினி இருந்தது. அறையின் வெப்பமானியிலிருந்து அதற்கு ஒரு கம்பி போகும். சூடு அளவுக்கு மேல் போனால் கீய்ய் கீய்ய் என்று கூவும், அடுப்புக்காரர் விறகை இழுத்துச் சூட்டைக் குறைப்பார். அது சூட்டறையோடு சேர்ந்து வந்த சாமான் என்றே நான் நினைத்திருந்தேன். திரையில் ஓர் ஐகான் இருந்தது, அதன் கீழே 'கழுவு' என்று எழுதியிருந்தது. அண்ணன் கையைத் துண்டில் துடைத்துவிட்டு அதை இரண்டு தட்டுத் தட்டினார். கறுப்பு ஜன்னல் திறந்தது. எல்லாம் அழிந்தது. பிறகு ஒவ்வொன்றாக இணையத்திலிருந்து புதிதாக இறங்கியது. கடைசி வரியில் என் லைப்ரரியின் பெயர் இருந்தது. பக்கத்தில், அன்று காலை நான் வெளியிட்ட பதிப்பின் எண்.

குனிந்து அந்த வரியை மறுபடி படித்தேன்.

"அண்ணே, இது என்னோடது."

"எது, கம்ப்யூட்டரா? இது உன் அத்தையோடதுல்ல?"

"உள்ள இருக்கிறது. நான் எழுதினது. இத எதுக்கு அழிச்சு அழிச்சு ஏத்துறீங்க?"

"ஒவ்வொரு ஈட்டுக்கும் கழுவணும்ல? பழைய ஈட்டு வாசம் புது ஈட்டுல ஏறக் கூடாது. போடில கம்ப்யூட்டர் கடைத் தம்பிகிட்டச் சொல்லி இந்தப் பொத்தான் வச்சு வாங்குனேன்."

"கம்ப்யூட்டருக்கு ஏதுண்ணே வாசம்?"

"அப்பிடிச் சொல்லாத. ஒருக்கா கழுவாம விட்டோம். மிசினு கூவவே இல்ல. ஈடு மொத்தமும் தவுட்டு நெறம்."

"கம்பி கழண்டிருந்திருக்கும்."

"கழண்டுதான் இருந்துச்சு. கம்பியச் சொருகினேன், கழுவவும் செஞ்சேன். கூவிருச்சு. எதுனால கூவுச்சுன்னு நீ சொல்லு பாப்போம்."

அந்த யோசனை அவரோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. சுற்றியிருந்த ஸ்டோர்களில் எல்லாம் சொல்லி, எல்லோரும் அதே பொத்தானை வாங்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கழுவலும் எங்கள் கோட்டில் ஓர் எண்ணாக ஏறியிருக்கிறது. தீபாவளிக்கு எல்லோரும் கீழே இறங்கிவிடுவார்கள், ஹர்த்தால் அன்று அடுப்பு எரியாது. பனிநாட்டுக்காரரின் கடலடிக் கம்பி அறுந்த கதை அதுதான்.

அந்தக் கணினியில் இருந்தது 3.4. அதற்கு மேல் அந்தப் பெட்டியில் ஏறாது. அதில் லைப்ரரியை இறக்கித் தருகிற கருவியோ இன்னும் பழசு. புதியது எதுவோ அதை எடுக்கும், நமக்குச் சேருமா என்று கேட்கத் தெரியாது. அண்ணன் வெப்பமானி நிரலைத் திறந்தார். சிவப்பில் ஒரு பிழைச் செய்தி வந்து நின்றது. கூவுகிற மிஷின் ஊமையாகிவிட்டது.

லைப்ரரியின் முந்தைய பதிப்பைத் திரும்ப இறக்கினால் ஒரு நிமிட வேலை. இறக்கப் போனேன். அதற்குள் தகரக் கூரையில் மழை இறங்கிவிட்டது. மழை வந்தால் அங்கே நெட் போய்விடும். என் போனிலும் ஒரு கோடு இல்லை.

அத்தை சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னத்தா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொன்னேன். அத்தை நிதானமாகத்தான் கேட்டார்.

"காலையில என்ன பண்ணுன?"

"பழைய பதிப்புக்கு ஆதரவை நிறுத்திட்டேன் அத்தை."

"யாரக் கேட்டு நிறுத்துன?"

"ரெண்டு மாசமா அறிவிப்புப் போட்டிருந்தோம். ஆட்சேபம் இருந்தாச் சொல்லலாம்னு."

"எங்க போட்ட?"

"இன்டர்நெட்ல."

"போடி பஸ்ஸ்டாண்டுல ஒரு தட்டி கட்டியிருந்தா நான் வந்து சொல்லியிருப்பேன்ல?"

பரப்பிய காயைத் திரும்ப அள்ள முடியாது, ஈரத்தோடு கிடந்தால் அப்படியே நிறம் போய்விடும். ஈடு போனால் தோட்டம் போகும் என்பது அங்கே இருந்த மூன்று பேருக்குமே தெரியும்.

"நீ எழுதுனதுதானே?" என்றார் அத்தை. "நெட்டு இல்லாட்டி என்ன, தலையில இருக்குல்ல? இங்கயே உக்காந்து எழுது. அதுவரைக்கும் அந்த மிசினு சோலிய நீயே பாரு."

வெப்பமானிப் பெட்டியின் முகப்பில் சின்னதாக எண் தெரியும். அதற்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். என் வேலைகள் இரண்டு. எண்ணைப் பார்த்து, எல்லை தாண்டினால் சுவர் ஜன்னல் வழியாக அடுப்புக்காரருக்குச் சொல்வது. இடையில் லைப்ரரிக் கோப்புகளைத் திறந்து, சுருக்கி எழுதியதையெல்லாம் பழையபடி நீட்டி எழுதுவது. உலகத்துக்கு நல்லது என்று காலையில் எடுத்ததை, மத்தியானம் ஒரே ஒரு கணினிக்காகக் கையால் திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன்.

எண் முதல்முறை எல்லையைத் தாண்டியது. ஜன்னலில் தலையை நீட்டினேன்.

"அய்யா, விறக இழுங்க. சூடு ஏறிருச்சு."

அடுப்புக்காரர் தேவாரம் என்ற ஊர்க்காரர். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மிசினு கூவட்டும்" என்றார்.

"மிசினு கெட்டுப்போச்சுய்யா. நான்தான் மிசினு."

"ஆளு சொல்லுக்கெல்லாம் எந்திரிக்க மாட்டேன்த்தா. எங்கூர்ல யானைக்குக் காவல் இருந்தவன் நான். அங்க ராத்திரி பூராம் ஆளுக கத்துவாக. அந்தா யானை, இந்தா யானைம்பாக. போயிப் பாத்தா மாட்டு நெழலா இருக்கும். வெடிச் சத்தம் கேட்டாத்தான் எந்திரிப்பேன். இங்க மிசினு சத்தம்."

அண்ணன் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார். "நீ அதுமாதிரியே கூவிரு பாப்பா. அது மதி, போதும்."

எண் ஏறிக்கொண்டிருந்தது. நான் பொறியியல் படித்தவள். கம்பெனிக் கூட்டங்களில் குரலை உயர்த்தாமல் பேசுகிறாள் என்று பெயர் வாங்கியவள். ஜன்னலில் வாயை வைத்துக் கீய்ய் என்றேன்.

"ரெண்டு தடவ கூவும்" என்றார் அண்ணன்.

கீய்ய் கீய்ய் என்றேன். அடுப்புக்காரர் எழுந்து விறகை இழுத்தார். எண் இறங்கியது.

அப்படியே போனது அன்றைய பகல். பத்து வரி திருத்துவேன், எண்ணைப் பார்ப்பேன், கூவுவேன். ஒரு பிழையைச் சரிசெய்தால் அடுத்த கோப்பில் இன்னொன்று சிவப்பாக எழும். காய் பறிக்கிற பெண்கள் மழைக்கு ஸ்டோர் வாசலில் ஒதுங்கி நின்றார்கள். "படிச்ச புள்ள, என்னாச்சு அதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். அத்தை நின்று விளக்கினார். "பழைய மிசினுக்கு ஆதரவ நிறுத்திட்டா. அதான் இப்ப அவளே ஆதரவு குடுக்குறா." நான் இரண்டு வருடமாக இணையத்தில் எழுதி எழுதி விளக்க முயன்றதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். எனக்குப் பால் விடாத கட்டன் காப்பியும் உப்புப் போட்ட வெந்நீரும் வந்தன. வெந்நீர் தொண்டைக்கு.

பொழுது சாய்வதற்கு முன்னால் கடைசிச் சிவப்பும் போனது. நிரல் ஓடியது. எண் எல்லையைத் தாண்டியதும் கணினி தானாகக் கூவியது. நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அடுப்புக்காரர் அசையாமல் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, கூவுதுல்ல!"

"எது?"

"மிசினு!"

அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "இது என்னமோ புதுசா இருக்கு. பழைய சத்தம் என்னாச்சு?"

"இதுதான்ய்யா பழசு!"

"இல்லத்தா. பழசு நல்லாத் தொண்டையத் தெறந்து கூவும். இது சவச்ச சத்தம். இத நம்பி எப்பிடி நான் எந்திரிக்க?"

ஒரு பகலுக்குள் அவர் பழையதைக் கைவிட்டுவிட்டார். முன்னறிவிப்பும் கொடுக்கவில்லை. நான் ஜன்னலுக்கு ஓடிக் கூவினேன், அவர் உடனே எழுந்தார். அதற்குப் பிறகு முறையாகச் செய்தோம். கொஞ்ச நேரம் கணினியும் நானும் சேர்ந்து கூவினோம். பிறகு கணினி முதலில், நான் பின்னால். பிறகு நான் குரலைக் குறைத்தேன். கடைசியில் வெறுமனே ஜன்னலில் முகத்தைக் காட்டினேன். இருட்டியபோது அவர் கணினிக்கே எழுந்துகொண்டிருந்தார். என் பதிப்புக்கான ஆதரவு அவர் தரப்பில் நிறுத்தப்பட்டது. நான் போய்ப் படுத்தேன்.

காலையில் தட்டுகளை வெளியே எடுத்தார்கள். மழை விட்டிருந்தது. அத்தை ஒரு கை காயை அள்ளி, வாசலுக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் பிடித்தார். தட்டுத்தட்டாக, அடித்தட்டிலிருந்து மேல்தட்டு வரை அள்ளி அள்ளிப் பார்த்தார். நான் குறுக்கே போகவில்லை. பேசவும் தொண்டை இல்லை. கடைசித் தட்டையும் பார்த்துவிட்டு மடியிலிருந்து போனை எடுத்து, சத்தமாக வைத்து, மகனைக் கூப்பிட்டார்.

"அம்மா, என்னாச்சு?"

"பச்சை" என்றார் அத்தை. "நான் எறங்கல." போனை வைத்துவிட்டு அண்ணனிடம் சொன்னார், "அடுத்த ஈட்டுக்குத் தட்டக் கழுவுங்கப்பா."

நெட்டும் வந்திருந்தது. அண்ணனிடம் இனிமேல் கணினியைக் கழுவ வேண்டாம் என்று கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அதை நிறுத்திவிட்டு வேறு வழிக்குப் போனேன். கழுவு பொத்தானுக்குள் இருந்த கட்டளையில், லைப்ரரியின் பெயருக்குப் பக்கத்தில், 3.4 புரிந்துகொள்கிற கடைசிப் பதிப்பின் எண்ணைச் சேர்த்தேன். இனி எத்தனை தடவை அழித்து ஏற்றினாலும் அந்த ஒன்றுதான் வரும்.

அண்ணனுக்குச் சந்தேகம். "எப்பவும் பழசேதான் வருமா? அப்ப அது கழுவுன கணக்காகுமா?"

"தட்டக் கழுவிட்டுப் புதுத் தட்டா வாங்குறீங்க? அதே தட்டத்தானேண்ணே திரும்ப வைக்கிறீங்க?"

யோசித்தார். "செரி" என்றார்.

அன்று அவரும் நானும் ஜீப்பில் ஸ்டோர் ஸ்டோராகப் போய் எல்லாப் பொத்தான்களிலும் அந்த எண்ணைச் சேர்த்தோம். நல்லவேளை, முந்தின நாள் வேறு யாரும் ஈடு வைத்திருக்கவில்லை. என் குரல் கட்டியிருந்ததால் அண்ணனே எல்லா இடத்திலும் விளக்கினார். "பாப்பா எழுதுனதுதான் இது. கழுவுனா இனி அதே தட்டு வரும்" என்றார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

போடிக்கு இறங்கி வந்து மற்ற இருவருக்கும் எழுதினேன். இந்த இரண்டு வருடத்து மர்மம், ஏலக்காய் வாசம் ஏறிவிடக் கூடாது என்று எங்கள் மலையில் சில ஸ்டோர்கள் ஈட்டுக்கு ஈடு லைப்ரரியைக் கழுவுவதுதான் என்றேன். தீவுக்காரர் சிரிக்கிற படம் ஒன்று அனுப்பினார். பனிநாட்டுக்காரர் நீளமாக எழுதியிருந்தார். ஆதரவை நிறுத்தியது சரியான முடிவு. ஆனால் நாம் கடலுக்கடியில் தேடியிருக்க வேண்டாம். கடைசியில் ஒரு கேள்வி: கழுவிய பிறகு வாசம் உண்மையிலேயே போகிறதா?

போகிறது என்று எழுதினேன்.

3.4-இன் கோடு இன்னும் இருக்கிறது. நாங்கள் கைவிட்ட பதிப்பு, ஆவணி வந்ததும் ஏறத் தொடங்கிவிடுகிறது. இப்போது அதை எனக்குப் படிக்கத் தெரியும். மழை ஓங்கினால் தளரும், காய் கூடினால் நிமிரும். போன வாரம் அது இரண்டு மூன்று நாளாகப் படுத்தே கிடந்தது. அத்தைக்குப் போன் போட்டேன்.

"காய் எடுத்தாச்சுன்னீங்க. இன்னும் ஈடு வைக்கலையா அத்தை?"

"ஒனக்கு யாரு சொன்னது?"

"தெரியும்."

போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அத்தை கத்துவது கேட்டது. "யப்பா, அவ அங்கருந்து பாத்துக்கிட்டே இருக்காளாம். வெரசாக் கழுவு!"

மறுநாள் கோடு ஏறியிருந்தது.